மியூனிக் ஜன்னல்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மியூனிக் பாணி வண்ணக் கண்ணாடி பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். 19ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியின் தெற்கில் உள்ள பவேரியாவில் ஒரு மன்னரின் ஆதரவில் தொடங்கி, தேவாலய ஜன்னல்களை ஓவியம் போலவே தீட்டிச் சூளையில் சுட்டு உலகம் முழுக்க அனுப்பிய ஒரு கைத்தொழிலின் கதை அது. நான் அவசரத்தில் தாண்டிப்போன இடங்களில்தான் நீங்கள் நின்று கேட்டிருக்கிறீர்கள் என்று கடிதங்களைப் படித்தபோது தெரிந்தது. என்னைப் பற்றியும் சிலர் விசாரித்திருந்தீர்கள். அப்பா பாளையங்கோட்டையில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருந்தார். கண்ணாடி வெட்டும் சத்தத்தில் வளர்ந்தவள் நான். பதினாறு வருடமாக மியூனிக்கில், பழைய ஜன்னல்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்கிறேன். இனி கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: வண்ணக் கண்ணாடி என்றால் எல்லாம் ஒன்றுதானே? மியூனிக் பாணி என்று தனியாகச் சொல்ல அதில் என்ன இருக்கிறது? (வாசகி, மதுரை)

பழைய முறையைத் தெரிந்துகொண்டால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும். இடைக்காலக் கைவினைஞருக்கு நிறம் கண்ணாடிக்கு உள்ளேயே இருந்தது. உருக்கும்போதே கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீசு சேர்த்தால் ஊதா, செம்பு சேர்த்தால் உலையின் பக்குவத்தைப் பொறுத்து சிவப்போ பச்சையோ வரும். இப்படி நிறமேறிய கண்ணாடியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஈயப் பட்டையில் கோத்துப் படமாக்குவார்கள். கண், மூக்கு, துணி மடிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் கரும்பழுப்பு மை. இரும்பு அல்லது செம்புத் துருவையும் பொடித்த கண்ணாடியையும் கலந்து செய்த மை அது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வித்தை சேர்ந்தது. வெள்ளி உப்பைக் களிமண்ணில் குழைத்துக் கண்ணாடியின் பின்பக்கம் பூசிச் சுட்டால், வெள்ளி கண்ணாடிக்குள் இறங்கி மஞ்சள் நிறம் கொடுக்கும். சூளையிலிருந்து எடுத்ததும் மேலே காய்ந்த மண்தான் தெரியும். அதைத் துடைத்துவிட்டால் அடியில் பொன் போல ஒளிரும். எத்தனை முறை செய்தாலும் அந்த நிமிடம் எனக்குப் பழகவில்லை.

மியூனிக்காரர்கள் இந்த ஒழுங்கையே புரட்டிப் போட்டார்கள். துண்டுகளைப் பெரிதாக்கினார்கள். அதன் மேல், சூளையில் சுட்டால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் சுடுவண்ணங்களால் நிழல், வெளிச்சம், தூரம், கிட்டம் எல்லாவற்றையும் தீட்டினார்கள். தூரத்தில் நீல மலை, அதற்கு முன்னால் ஊர், அதற்கும் முன்னால் மனிதர்கள் என்று காட்சிக்கு ஆழம் வந்தது. அங்கியின் கரையில் ஜரிகை வேலை இழை இழையாகத் தெரியும். ஈயக் கோடு முடிந்தவரை துணியின் ஓரத்திலோ நிழலின் விளிம்பிலோ ஒளிந்துகொள்ளும். சுற்றிலும் கோபுரம் கோபுரமாக ஒரு மண்டபச் சட்டகம் இருக்கும். முகங்கள் மென்மையானவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் கூடி, இத்தாலிய ஓவியர் ரஃபேல் காலத்துப் பக்தி ஓவியத்தை மீட்க நினைத்த 'நாசரேனியர்' என்ற ஜெர்மன் ஓவியர்களின் வழி அது. மியூனிக் ஜன்னல்களுக்கு மாதிரிப் படம் வரைந்தவர்களும் அந்த மரபினர்தான்.

ஒரே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க ஜெர்மனியின் கொலோன் நகரப் பேராலயம் போல வேறு இடம் கிடையாது. நடுக்கூடத்தின் வடக்குப் பக்கம் 1507 முதல் 1509 வரை செய்த ஐந்து ஜன்னல்கள் இருக்கின்றன. நேர் எதிரே தெற்கில் 1848இல் வைத்த மியூனிக் ஜன்னல்கள் ஐந்து. வடக்கில் இருப்பவை சுவரோடு சுவராக நின்று ஒளிர்கின்றன. தெற்கில் இருப்பவை சுவரைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு காட்சியைக் காட்டுகின்றன. நான் முதல் தடவை போனபோது வடக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும், ஏதோ அறைக்கு வெளியே வந்துவிட்டது போல இருந்தது.

கேள்வி: 1827இல் தொடங்கியது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் ஜெர்மனியில் இந்தக் கலையே இல்லையா? (வாசகர், நாகர்கோவில்)

இருந்தது, அதுவும் மிகப் பழையது. மியூனிக்கிலிருந்து ரயிலில் கிட்டத்தில் இருக்கும் ஆக்ஸ்பூர்க் பேராலயத்தில் ஐந்து தீர்க்கதரிசிகள் ஜன்னலில் வரிசையாக நிற்கிறார்கள். தாவீது, தானியேல், ஓசேயா, யோனா நால்வரும் ஏறத்தாழ 900 ஆண்டுப் பழையவர்கள். மோசே மட்டும் பிற்காலத்தில் மாற்றிச் செய்யப்பட்டவர். கட்டடத்திலேயே இன்றும் நிற்கும் உருவக் கண்ணாடிகளில் உலகிலேயே மிகப் பழையவை என்று இவற்றைத்தான் சொல்கிறார்கள்.

செய்முறையும் எழுத்தில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தியோஃபிலஸ் என்ற புனைபெயரில் ஒரு ஜெர்மானியத் துறவி எழுதிவைத்த கைத்தொழில் குறிப்பில் கணக்கு வரும்: பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு. படத்தைச் சுண்ணாம்பு பூசிய பலகையில் வரைவது, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கண்ணாடியைப் பிளப்பது என்று எல்லாம் அதில் உண்டு. படிக்கும்போது, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் மாதிரி இருக்கும்.

எனக்கு மிகப் பிடித்தவர் கெர்லாகுஸ். லான் ஆற்றங்கரையில் இருந்த ஆர்ன்ஸ்டைன் மடத்துக்கு 1150–60 வாக்கில் ஜன்னல் செய்தவர். எரியும் முட்செடிக்கு முன் மோசே நிற்கும் காட்சியின் அடியில் தன்னையே வரைந்து வைத்திருக்கிறார். ஒரு கையில் தூரிகை, மறு கையில் வண்ணக் கிண்ணம். தன் பெயரைச் சொல்லி, அரசர்க்கரசனே இரங்கு என்று வேண்டும் வரி அவரைச் சுற்றி ஓடுகிறது. அந்தக் கண்ணாடி இப்போது மியூன்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தூரிகையைப் பிடித்திருக்கும் விதம் நாங்கள் பிடிப்பது போலவே இருக்கிறது.

அப்புறம் ஏன் நின்றுபோனது என்றால், காரணம் ஒன்றல்ல. 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டுகள் பிரிந்துபோன மதச் சீர்திருத்தத்துக்குப் பின் பல ஊர்களில் தேவாலயப் படங்களுக்கு வேலை குறைந்தது. 17ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போர் கையிருப்பையும் கைகளையும் அழித்தது. பரோக் என்ற ஆடம்பர அலங்காரப் பாணியின் காலத்தில் வெள்ளைச் சுவரும் பொன் வேலையும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, தெளிந்த கண்ணாடியைத்தான் எல்லோரும் கேட்டார்கள். கலை அடியோடு மறந்துபோனது என்று சொல்வது மிகை. சுவிட்சர்லாந்தில் வீட்டு ஜன்னலுக்கான சிறு ஓவியக் கண்ணாடிகள் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஆள் உயர ஜன்னல் ஒன்றை முழுதாகச் செய்து நிறுத்தக்கூடிய பட்டறை 1800 வாக்கில் காண அரிது.

கேள்வி: ஒரு மன்னருக்கு ஜன்னல் மேல் ஏன் இவ்வளவு அக்கறை? (வாசகர், ஈரோடு)

மன்னருக்கு முன்னால் ஒரு பீங்கான் ஓவியரைச் சொல்ல வேண்டும். மிகாயெல் சிகிஸ்முண்ட் ஃபிராங்க், 1770இல் நியூரம்பெர்கில் பிறந்தவர். பீங்கானில் படம் தீட்டிப் பிழைத்தவர். பழைய கண்ணாடிகளின் நிறம் எப்படி வந்தது என்று தானே சுட்டுச் சுட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1818இல் பவேரிய அரசு அவரை மியூனிக்குக்கு அழைத்து, நிம்ஃபென்பூர்க் பீங்கான் தொழிற்சாலையோடு சேர்த்து வேலை கொடுத்தது.

சென்ற இதழில் அழுத்திச் சொல்லாமல் விட்ட விஷயம் இதுதான். மியூனிக் கண்ணாடியின் தாய்வீடு பீங்கான். உலோகத் துருக்களை நிறமாக்குவது, எந்த நிறம் எத்தனை சூட்டில் உருகும், எது எதோடு சேராது என்பதெல்லாம் பீங்கான்காரர்கள் கையில் இருந்த அறிவு. ஃபிராங்குக்கு அடுத்து பொறுப்பேற்ற மாக்ஸ் இமானுவேல் ஐன்மில்லரும் நிம்ஃபென்பூர்கில் பீங்கான் அலங்காரம் பழகியவரே. பீங்கான் தட்டில் ரோஜா இதழின் மெல்லிய நிழலைத் தீட்டிய கைகள் ஜன்னலுக்கு வந்தால் என்ன நடக்கும்? இதழின் நிழல்தான் ஜன்னலிலும் வரும். மியூனிக் ஜன்னல் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

1825இல் முதலாம் லுட்விக் பவேரிய மன்னரானார். மியூனிக்கைக் கலைநகராக்க வேண்டும் என்ற தீராத ஆசை கொண்டவர். இன்று நாங்கள் தினம் கடந்துபோகும் பெரிய கட்டடங்கள் பல அவர் எழுப்பியவை. 1803இல் மடங்களின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டபோது தேவாலயங்கள் இழந்தது நிறைய. அதே அரசகுலத்தில் வந்த இவர் பழைய பேராலயங்களைப் புதுப்பிக்கப் புறப்பட்டார். 1827இல் அரசக் கண்ணாடி ஓவியக் கூடத்தை நிறுவினார். ரேகன்ஸ்பூர்க் பேராலயத்துக்கான ஜன்னல்கள் அதன் முதல் பெரிய வேலை. அடுத்து மியூனிக்கின் ஆவ் பகுதியில் மரியாஹில்ஃப் தேவாலயத்துக்கு 19 ஜன்னல்கள், 1834 முதல் 1843 வரை. அந்த வேலையில்தான் கூடத்தின் பெயர் வெளிநாடுகளுக்குப் பரவியது. அந்தத் தேவாலயம் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் இடிந்தது. திரும்பக் கட்டப்பட்ட உள்ளே போய் நின்றால், பழைய படங்களில் பார்த்த அந்த நிற வெள்ளம் இருக்காது. எனக்கு அங்கே போய்வந்தால் இரண்டு நாள் மனசு கனக்கும்.

கொலோனுக்கான ஐந்து ஜன்னல்களும் லுட்விக்கின் கொடைதான். யோவான் ஸ்நானகர், மூன்று ஞானியர் வணங்குவது, இறந்த இயேசுவின் உடல்மேல் அழுவது, தூய ஆவி இறங்குவது, ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாவது என்று ஐந்து காட்சிகள். 1248இல் அடிக்கல் நாட்டிய கோயிலின் 600ஆம் ஆண்டுக்கு, 1848 கோடையில் அவை மேலே ஏறின. அதே வருடம் மார்ச்சில் லுட்விக் முடி துறந்திருந்தார்.

கேள்வி: கண்ணாடியில் முகத்தை எப்படி வரைகிறீர்கள்? பெயிண்ட் மழையில் போகாதா? (கல்லூரி மாணவி, திருச்சி)

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கடந்த குளிர்காலத்தில் என் மேசைக்கு வந்த ஒரு முகத்தை வைத்தே சொல்கிறேன். 1890களில் செய்த ஒரு பெண் புனிதையின் தலை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் மூன்றாக உடைந்து, தாடைப் பக்கம் ஒரு துண்டு தொலைந்துபோயிருந்தது. தொலைந்த துண்டை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும்.

முதலில் மை. கரும்பழுப்புப் பொடியைத் தடித்த கண்ணாடிப் பலகையில் கொட்டி, தண்ணீரும் சில சொட்டு பிசினும் விட்டு, கண்ணாடிக் குழவியால் அரைப்பேன். பிசின் என்றால் வேல மரத்துப் பிசின் வகைதான். கொஞ்சம் அதிகமானால் சுடும்போது மை கொப்புளிக்கும், குறைந்தால் கை பட்டாலே உதிரும். அரைத்து அரைத்து, விரலில் தொட்டால் நறநறப்பு இல்லாமல் இருக்க வேண்டும். அம்மா இட்லி மாவைத் தொட்டுப் பார்க்கும் அதே கணக்கு.

அடியிலிருந்து விளக்கு எரியும் மேசையில் கண்ணாடியை வைத்து, நீண்ட முடியுள்ள மெல்லிய தூரிகையால் தாடைக் கோட்டை ஒரே இழுப்பில் இழுப்பேன். நிறுத்தித் தொடர்ந்தால் அந்த இடம் வெளிச்சத்தில் முடிச்சாகக் காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சுட்டு எடுத்த பிறகு நிழல். துண்டு முழுதும் மெல்லிய மையை ஈரமாகப் பூசி, அது காய்வதற்குள் பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் முடியால் செய்த அகன்ற தூரிகையால் மேலாக, காற்றுப் படுவது போல, குறுக்கும் நெடுக்கும் தடவ வேண்டும். மை பனிமூட்டம் மாதிரி சீராகப் படியும். பட்டறையில் விலை கூடிய பொருள் அந்தத் தூரிகைதான். அதை யாரும் யாருக்கும் இரவல் தர மாட்டார்கள்.

இதற்கு மேல்தான் உண்மையான ஓவியம். காகிதத்தில் இருட்டைச் சேர்த்துக்கொண்டே போவோம். இங்கே வெளிச்சத்தை எடுத்துக்கொண்டே போக வேண்டும். காய்ந்த மையை விறைப்பான பன்றிமுடித் தூரிகையால் தட்டித் தட்டிக் குறைத்தால் கன்னம் எழும்பும். மூங்கில் குச்சியால் ஒரு கீறு, கீழுதட்டில் ஈரம் தெரியும். ஊசியால் கீறினால் முடி ஒவ்வொன்றாகப் பிரியும். அந்தப் புனிதையின் முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது, கழுத்து நிழலுக்குள் நூறு நூறு கீறல்கள் இருந்தன. கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அதில் ஒன்றுகூட எட்டாது. எட்டு மீட்டர் உயரத்தில் நிற்கப்போகும் முகத்துக்கு அவ்வளவு பாடுபட்டிருக்கிறார் அந்த ஆள். பெயர் எங்கும் இல்லை.

கன்னத்துச் சிவப்பு எங்கே என்று தேடினால், அது பின்பக்கம் இருக்கும். இரும்புத் துருவில் செய்த செந்நிறத்தை மறுபுறம் பூசுவார்கள். வெளிச்சம் முதலில் அதன் வழியே வந்து, பிறகு நிழல் மையைத் தாண்டி நம் கண்ணுக்கு வரும். தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது போல இருப்பதன் ரகசியம் அதுதான்.

சூளையில் 600 முதல் 650 டிகிரி வரை சூடேற்றுவோம். கண்ணாடியின் மேல்தோல் இளகி மையோடு ஒட்டிப்போகும். சுடுவண்ணங்களும் வெள்ளி மஞ்சளும் அதைவிடக் குறைந்த சூட்டில் பிறகு தனியாகப் போகும். இரவு முழுக்க மெல்ல ஆற விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சரியாகச் சுட்ட மை மழைக்குப் போகாது, நூற்றாண்டு தாங்கும். சரியாகச் சுடாததுதான் போகும். அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

சேர்ப்பது சுலபமான வேலை இல்லை என்றாலும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறுக்கே வெட்டினால் எச் எழுத்து போலத் தெரியும் ஈயப் பட்டையில் துண்டுகளைச் செருகி, சந்திப்புகளை ஈய வெள்ளீயக் கலவையால் பற்றவைத்து, ஆளிவிதை எண்ணெயும் சாக் பவுடரும் பிசைந்த மக்கை இடுக்குகளில் தேய்த்து அடைப்போம். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அந்த மக்குதான்.

கேள்வி: கண்ணாடி திரவம், பழைய ஜன்னலில் மெல்லக் கீழே வழிந்து அடிப்பக்கம் தடித்திருக்கும் என்று படித்தேன். உண்மையா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

இல்லை, சார். கையால் செய்த கண்ணாடி செய்யும்போதே மேடுபள்ளமாகத்தான் இருக்கும். பொருத்துபவர் பல நேரம் தடித்த ஓரத்தைக் கீழே வைப்பார், அவ்வளவுதான். தடித்த ஓரம் மேலேயும் பக்கவாட்டிலும் இருக்கும் பழைய ஜன்னல்களை நானே கழற்றியிருக்கிறேன்.

கேள்வி: மியூனிக் ஜன்னல்களை ஆங்கிலேயர் வெறுத்தார்கள், கழற்றி எறிந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அது தரமற்ற கலை என்றுதானே அர்த்தம்? (வாசகர், சென்னை)

நடந்ததைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பேராலயத்துக்கு 1859 முதல் 1864 வரை மியூனிக் அரசக் கூடத்தின் ஜன்னல்கள் வைக்கப்பட்டன. ஆரம்பத்திலிருந்தே சண்டை. கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலக் கோதிக் கட்டடத்துக்குத் தட்டையான, மொசைக் போன்ற கண்ணாடிதான் பொருந்தும், இது கண்ணாடி மேல் ஒட்டிய எண்ணெய் ஓவியம் என்றார்கள் ஒரு தரப்பினர். உள்ளூர்க் கைவினைஞர்களை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குக் கொடுத்தார்களே என்ற கோபமும் அதில் கலந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்த ஜன்னல்களைக் கழற்றிவிட்டு வேறு வைத்தார்கள்.

விமர்சனத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சுடுவண்ணம் பூசிய கண்ணாடி, உள்ளேயே நிறமேறிய கண்ணாடி அளவு ஒளிராது. அது உண்மை. மேகம் மூடிய நாளில் மியூனிக் ஜன்னல் சோர்ந்துபோகும், இடைக்காலச் சிவப்பு அப்போதும் கனன்றுகொண்டிருக்கும். சில பட்டறைகளின் சுடுவண்ணம் நாளாக ஆக உதிர்ந்ததும் நடந்ததுதான்.

ஆனால் தரமற்றது என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது. மேசையில் அந்த முகங்களைக் கிட்டத்தில் பார்த்தவள் நான். இந்த மரபில் தூரிகை பிடித்தவர்கள் வேலை தெரியாதவர்கள் இல்லை. அவர்களுடைய நோக்கம் வேறு. இடைக்கால ஜன்னல் கோயிலை ஒளியால் நிரப்பியது. மியூனிக் ஜன்னல், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அழும் தாய்க்கு, தன்னைப் போலவே அழும் இன்னொரு தாயின் முகத்தைக் காட்டியது. அதற்கு நிழல் வேண்டும், கண்ணிமையின் கனம் வேண்டும். தட்டையான மொசைக்கால் அதைத் தர முடியாது. கழற்றியவர்களின் ரசனையும் அவர்கள் காலத்து ரசனைதான். இப்போது பல நாடுகளில் இதே ஜன்னல்களைப் பெரும் செலவில் காப்பாற்றுகிறார்கள், அந்த வேலைகளில் சில எங்கள் பட்டறைக்கும் வருகின்றன.

கேள்வி: மன்னர் போன பிறகு இந்தத் தொழில் எப்படி உலகம் முழுக்கப் பரவியது? (வாசகி, கோயம்புத்தூர்)

இரண்டு குடும்பங்கள். யோசஃப் கப்ரியேல் மாயர் 1847இல் மியூனிக்கில் தேவாலயக் கலைக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். முதலில் சிலைகளும் பீடங்களும்தான், கண்ணாடி 1860களில் சேர்ந்தது. அவருடைய மருமகன் ஃபிரான்ஸ் சாவெர் ஸெட்லர், மாமனாரிடம் வேலை பழகி, 1870இல் தனியாகப் பட்டறை போட்டார். ஐன்மில்லர் இறந்த வருடமும் அதுதான். அரசக் கூடம் சொல்லிக்கொடுத்த வித்தை இப்படித் தனியார் கைக்கு வந்தது. மாமனார் வீடும் மருமகன் வீடும் பல பத்தாண்டுகள் தனித்தனியாகப் போட்டிபோட்டு வளர்ந்து, 1939இல் ஒன்றாகச் சேர்ந்தன.

மாயர் 1865இல் லண்டனிலும் 1888இல் நியூயார்க்கிலும் கிளை திறந்தார்கள். காலம் பொருந்திவந்தது. அயர்லாந்து, போலந்து, ஜெர்மனி என்று பல ஊர்களிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோன கத்தோலிக்கர்கள், தங்களுக்கென்று பெரிய பெரிய தேவாலயங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெரியாத ஊரில் தெரிந்த முகங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அவர்களுக்கு. ஜன்னல் அளவு கடிதத்தில் வரும், கீழே எந்த மொழியில் யார் பெயர் பொறிக்க வேண்டும் என்ற குறிப்பும் வரும். மியூனிக்கில் செய்து, பகுதி பகுதியாகப் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். சால்ட் லேக் சிட்டியில் மேடலின் பேராலயத்தின் ஜன்னல்கள் ஸெட்லர் பட்டறையில் செய்தவை. முன்பின் பார்க்காத ஊருக்கு, பார்க்கவே போகாத சுவருக்கு, இங்கே உட்கார்ந்து தீட்டியிருக்கிறார்கள்.

மியூனிக்கைப் பார்த்து அக்கம்பக்கத்திலும் பட்டறைகள் முளைத்தன. ஆல்ப்ஸைத் தாண்டி இன்ஸ்புரூக்கில் 1861இல் டைரோல் கண்ணாடி ஓவியக் கூடம் வந்தது. அதற்குச் சற்று முன்பே, 1857இல், ஜெர்மனியின் மேற்குக் கோடியில் லின்னிக் என்ற சின்ன ஊரில் ஓய்ட்மன் என்ற மருத்துவர் ஒரு பட்டறை தொடங்கினார். அதே ஊரில் இப்போது கண்ணாடி ஓவியத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மாயர் பட்டறை இன்றும் அதே குடும்பத்தின் கையில் மியூனிக்கில் நடக்கிறது. இப்போது நவீன ஓவியர்களோடு சேர்ந்து கண்ணாடியும், நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களுக்கு மொசைக்கும் செய்கிறார்கள்.

கேள்வி: பழுதுபார்க்க அதே மாதிரிக் கண்ணாடி இன்று கிடைக்கிறதா? (வாசகர், சிவகாசி)

கிடைக்கிறது. பவேரியாவின் செக் எல்லையோரம் வால்ட்சாஸன் என்ற ஊரில் இன்றும் வாயால் ஊதியே தகடு செய்கிறார்கள். உருகிய கண்ணாடி உருண்டையைக் குழலில் எடுத்து, ஊதி, ஆட்டி ஆட்டி நீளமான உருளையாக்கி, இரு முனைகளையும் நறுக்கி, நெடுக்கே கீறி, மறுபடி சூடேற்றி வாழை இலையை விரிப்பது போல விரிப்பார்கள். குமிழிகளும் அலைகளும் அப்படியே நிற்கும். பழைய துண்டுக்குப் பக்கத்தில் அதுதான் உறுத்தாமல் உட்காரும். கையால் கண்ணாடி செய்யும் இந்த அறிவை ஜெர்மனி உட்பட ஆறு நாடுகளின் பெயரில் 2023இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: ஈயம் விஷமாயிற்றே, பயமில்லையா? (வாசகி, வேலூர்)

கவனம் உண்டு. மேசையருகே சாப்பிடுவதில்லை, வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, கையை நகக்கண் வரை கழுவுகிறோம், இரத்தத்தில் ஈய அளவைத் தவறாமல் பரிசோதிக்கிறோம்.

கேள்வி: வெளிநாட்டில் என் மகள் குடும்பம் போகும் தேவாலயத்தில் இப்படி ஒரு ஜன்னல் இருக்கிறது. மியூனிக்கில் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அழுக்காக இருக்கிறது, சோப்புத் தண்ணீரால் கழுவலாமா? (வாசகி, தூத்துக்குடி)

அம்மா, முதல் கேள்விக்கு முதலில் பதில். ஜன்னலின் அடி ஓரத்தில், பெரும்பாலும் வலது மூலையில், சின்ன எழுத்தில் பட்டறையின் பெயரும் ஊரும் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னணியைப் பாருங்கள். தூரம் தெரியும்படி நிலமும் வானமும் தீட்டியிருக்கிறதா, ஈயக் கோடுகள் முகத்தைக் குறுக்கே வெட்டாமல் ஓரமாகப் போகின்றனவா, அங்கியின் கரையில் பூவேலை நெருக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இருந்தால் மியூனிக் பாணியைச் சேர்ந்தது என்று சொல்லலாம். எந்தப் பட்டறை என்பதைத் தேவாலயத்தின் பழைய கணக்குப் புத்தகம்தான் உறுதிசெய்யும்.

கழுவ வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு தேவதையின் அங்கிக் கரையை ஈரப் பஞ்சால் துடைத்தேன். அழுக்கு என்று நினைத்த பழுப்பு பஞ்சில் வந்தது. இரண்டாவது தடவை துடைக்கும்போதுதான் பார்த்தேன், பூவேலையில் ஒரு விரல் நீளத்துக்குக் காணோம். சரியாகச் சுடாத மை அது. நூறு வருடம் கண்ணாடியில் தூசு போல உட்கார்ந்திருந்தது, என் கையோடு வந்துவிட்டது. அந்தப் பஞ்சை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும், எது அழுக்கு, எது மை என்று உருப்பெருக்கியில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் இன்னும் மோசம். மகளிடம் சொல்லி, காலை வெயில் நேராக விழாத நேரத்தில், உள்ளிருந்து ஒன்றும் வெளியிலிருந்து ஒன்றுமாக இரண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஈயப் பட்டை எங்காவது புடைத்து நிற்கிறதா என்று பக்கவாட்டில் ஒரு படமும் வேண்டும். பார்த்துவிட்டு, அவசரமாகக் கவனிக்க வேண்டியதா, அப்படியே விட்டுவைக்கலாமா என்று எழுதுகிறேன்.